கூட்டுத் தொழிலுக்கு முதல் முதலீடு பத்திரமே

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கையும் ஒரே நாளில் குவிந்தால் விலை என்ன ஆகும் என்பது திண்டுக்கல் வட்டார விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவேதான் விளைந்ததை அப்படியே மண்டியில் கொட்டாமல், முருங்கை இலையை உலர்த்திப் பொடியாக்கவும், கடலையைச் செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கவும், ஆயக்குடிக் கொய்யாவைத் தரம் பிரித்துப் பெட்டியில் அனுப்பவும் சிறு விவசாயிகள் பலர் முன்வருகின்றனர். இது வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால், இயந்திரத்தின் விலையை விசாரிப்பவர்கள், தொழிலை எந்தச் சட்ட அமைப்பில் தொடங்குவது என்பதை விசாரிப்பதில்லை. தொழில் நொடித்தால் செக்கு மட்டும் போகுமா, காடும் வீடும் சேர்ந்து போகுமா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு விஷயம்தான்.

வாய்ப் பேச்சுக் கூட்டு

கிராமங்களில் நடப்பது பெரும்பாலும் வாய்ப் பேச்சுக் கூட்டு. ஒருவர் இடம் தருகிறார், மற்றொருவர் பெயரில் பாங்கிக் கடன், மூன்றாமவர் உழைக்கிறார். "நமக்குள் எதற்குப் பத்திரம்?" என்ற பேச்சோடு தொழில் தொடங்குகிறது. லாபம் வரும் வரை தகராறு இல்லை. நஷ்டம் வந்தால் கடன் வாங்கியவர் தலையில் விழுகிறது. லாபம் வந்தாலோ, உழைத்தவருக்குச் சம்பளம் உண்டா, இடத்துக்கு வாடகை உண்டா என்ற கேள்வி கிளம்புகிறது.

பத்திரம் எழுதாததால் சட்டம் விட்டுவிடுவதில்லை. கூட்டாகத் தொழில் நடத்தி லாபத்தைப் பங்கிட்டுக் கொள்ளச் சம்மதித்தவர்களை, எழுத்து இல்லாவிட்டாலும், 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பங்குதாரர்களாகவே கருதும். தொழிலுக்காக ஒரு பங்குதாரர் வாங்கிய கடன் முழுவதற்கும் மற்ற ஒவ்வொருவரும் பொறுப்பு. மூன்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது. கடன் கொடுத்தவர் வசதியுள்ள ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம்.

கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமல்ல என்பது உண்மையே. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். சரக்கு வாங்கிய வெளியூர் வியாபாரி பணம் தராவிட்டால், பதிவாகாத கூட்டு நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அவர்மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அவர் நிறுவனத்தின்மீது வழக்குப் போடலாம்! கேரளத்துக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பும் வட்டாரத்தில் இது சாதாரண விஷயமல்ல. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய ஆகும் செலவு, ஒரு லோடு சரக்கின் பாக்கியோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

தனியே தொடங்குபவர்கள்

தனி ஒருவர் தம் பெயரில் தொழில் நடத்துவது எளிது. செலவு குறைவு. ஆனால் தொழிலின் கடன் முழுவதும் அவருடைய சொந்தக் கடனே. உத்யம் பதிவும் ஜி.எஸ்.டி. எண்ணும் வாங்கிவிட்டால் 'கம்பெனி' ஆகிவிட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. இவை அரசின் கணக்குக்கும் சலுகைக்கும் உரிய பதிவுகளே தவிர, வீட்டுக்கும் தொழிலுக்கும் நடுவே வேலி போடுபவை அல்ல.

அந்த வேலியைப் போடுவது கம்பெனி அமைப்பு. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரே நபர்கூடக் கம்பெனி தொடங்கலாம். 2008-ம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை என்ற நடுத்தர அமைப்பும் உண்டு. இவற்றில் போட்ட முதலுக்கு மேல் பொறுப்பு இல்லை என்பது விதி. ஆனால் சிறு கம்பெனிக்குக் கடன் தரும் பாங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களின் சொந்த ஜாமீனையும் கேட்கின்றன. அதில் கையெழுத்திட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை வேலி திறந்த வேலிதான். தவிர, கம்பெனி ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். வியாபாரமே நடக்காத ஆண்டிலும் இந்தக் கடமை உண்டு.

நூற்றுக்கணக்கானோர் சேரும்போது

விளைபொருளைச் சேர்த்து விற்பதற்கு மூன்று பேர் போதாது. ஊர் கூட வேண்டும். இதற்குக் கூட்டுறவு சங்கம் பழைய வழி. 1904-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நாடு அறிந்த வழி. ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது அதன் பலம். தேர்தல் நடக்காமல் தனி அதிகாரியின் கையில் ஆண்டுக்கணக்கில் இருக்க நேரிடுவது அதன் பலவீனம்.

இந்தக் குறையைப் போக்க, ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, 2002-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் உற்பத்தியாளர் கம்பெனி என்ற அமைப்பு வந்தது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் தொடங்கலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றே. உபரியிலிருந்து, கம்பெனியோடு எவ்வளவு வியாபாரம் செய்தார்களோ அதற்கேற்ப உறுப்பினர்களுக்குப் போனஸ் கொடுக்கலாம். சாதாரணச் சங்கப் பதிவில் உபரியைப் பங்கிட்டுக் கொள்ள வழியில்லை.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. கன்னிவாடியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு முதலில் அமைந்தது ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கம். பின்னரே அதே வட்டாரத்தில் நீடித்த வேளாண்மைக்கான உற்பத்தியாளர் கம்பெனி பதிவாயிற்று. கவனிக்க வேண்டியது அந்த வரிசை. விவசாயிகள் ஒன்றாகக் கூடிப் பழகியது முதலில், கம்பெனி பிறகு.

பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாகிறது. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்க மத்திய அரசு 2020-ல் தொடங்கிய திட்டம், ஓர் அமைப்புக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி, பங்கு மூலதனத்துக்கு உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை மானியம் என வகுத்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும் என்பது நிபந்தனை. உதவி நல்லதே. ஆனால் மானியத்துக்காக 300 பெயர்களைச் சேர்த்து, விற்பதற்குச் சரக்கே சேராவிட்டால், மூன்றாண்டு முடிந்ததும் முழு நேர நிர்வாக அலுவலரின் சம்பளத்துக்கும் ஆடிட்டர் கட்டணத்துக்கும் வழியிராது. பெயரளவில் இயக்குநராகக் கையெழுத்திட்ட விவசாயிதான் நோட்டீசுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது

தனியாகச் சிறு அளவில் செய்பவர் தம் பெயரிலேயே தொடங்கலாம். கடனை மட்டும் அளவோடு வைத்துக் கொள்ள வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால், பதிவு செய்த கூட்டு நிறுவனமே முதற்படி. வியாபாரமும் கடனும் பெருகிய பிறகு கம்பெனியாக மாற்றிக் கொள்ள வழியுண்டு. ஒரே பயிரை நூற்றுக்கணக்கானோர் விளைவித்து, இரண்டு மூன்று பருவம் சேர்ந்து விற்றுப் பார்த்த பிறகு உற்பத்தியாளர் கம்பெனியை நாடுவதே உசிதம்.

கூட்டுப் பத்திரத்தில், யார் எவ்வளவு முதல் போட்டார், லாப நஷ்டப் பங்கு என்ன, உழைப்பவருக்குச் சம்பளம் எவ்வளவு, செக்கில் யார் யார் கையெழுத்து, விலகுபவருக்குக் கணக்குத் தீர்ப்பது எப்படி என்பவை இருக்க வேண்டும். ஒரு பங்குதாரர் இறந்தால், பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கூட்டு கலைந்துவிடும். எனவே அதற்கும் ஒரு வரி அவசியம். நிலத்தைக் கூட்டின் முதலாக எழுதிக் கொடுக்காமல் குத்தகைக்கு விடுவது நலம்.

பத்திரம் கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று கருதுவோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறு. கணக்கு தெளிவாக இருக்கும் இடத்தில்தான் உறவு நிலைக்கும். கூட்டாளியாக இருந்தவர்கள் கோர்ட்டு வாசலில் எதிரெதிரே நிற்காமல் இருக்க, தொடங்கும் அன்றே நாலு வரி எழுதி வைப்பது மேல்.