காங்கேயம் வாங்கும் முன்

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டின் மேல் வந்த பற்று இன்னும் தணியவில்லை. நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் நாலு ஏக்கர் வாங்கி, பத்துக் காங்கேயம் பசுக்களைக் கட்டி இனத்தைப் பெருக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரத்தான் வேண்டும். இனத்துக்கு ஆள் தேவை. ஆனால் எதை விற்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே மாட்டைப் பிடித்துவிடுவது அவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அதனால்தான் இந்த விளக்கம்.

முதலில் பால். காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் உருவான இனம். ஓர் ஈத்துக்குச் சராசரியாக 540 கிலோ அளவில்தான் பால் தரும். ஒன்பது மாதக் கறவைக்கு வகுத்தால் நாளைக்கு இரண்டு லிட்டர். கன்றை ஊட்டவிடாமல் பல பசுக்கள் பாலை இறக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ2 பால் என்று சொன்னால் விலை கூடும் என்பது பலருடைய நம்பிக்கை. நம் நாட்டு மாடுகளின் பாலில் பெரும்பாலும் ஏ2 வகைப் புரதம்தான் இருக்கிறது, அது சரி. ஆனால் பாக்கெட்டில் அப்படிப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21-ல் சொன்னது. ஆகஸ்ட் 26-ல் அதைத் திரும்பப் பெற்றது. ஐந்தே நாளில் இப்படி மாறக்கூடிய ஒன்றின் மேல் பத்து மாட்டின் தீவனச் செலவை ஏற்றக் கூடாது.

அப்படியானால் விற்பது கன்று. இங்கேதான் பொறுமை வேண்டும். பத்துப் பசு இருந்தால் ஆண்டுக்கு ஏழெட்டுக் கன்று கிடைக்கும். ஈத்துக்கும் ஈத்துக்கும் நடுவே பதினைந்து மாதம் வரை ஆகும். அதில் பாதி காளைக்கன்று. பொலிகாளையாக விடத் தகுந்தது ஒன்றுகூட இல்லாத ஆண்டுகளும் வரும். மீதியைக் காயடித்து வண்டிக்கோ உழவுக்கோ கொடுக்க வேண்டும். டிராக்டர் வந்த பிறகு அந்தச் சந்தை சுருங்கிவிட்டது. புதியவர்கள் தம் தொழுவத்தில் பிறந்த எல்லாக் காளைக்கன்றையும் பொலிகாளையாகவே பார்க்கிறார்கள். பாசம் இருக்கட்டும். ஆனால் கழிக்கத் தெரியாதவரால் இனம் வளர்க்க முடியாது. பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்தில் இந்த இனம் பேர் பெற்றது என்றால், அங்கே பெரிய மந்தை இருந்தது. பொறுக்கி எடுக்கவும் தள்ளிவிடவும் இடம் இருந்தது.

காலக் கணக்கையும் பார்ப்போம். இன்று ஒரு பசுவைக் காளைக்குச் சேர்க்கிறீர்கள். ஒன்பதரை மாதத்தில் கன்று. அது கிடாரியாக இருந்தால் தலை ஈத்துக்கே மூன்றரை வயதைத் தாண்டும். அதன் மடியும் குணமும் கன்றைப் பேணுகிற விதமும் தெரிய இன்னும் சில மாதம். ஆக, இன்று தேர்ந்தெடுத்த காளை நல்ல காளையா என்பது ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். அதற்குள் அதே காளையைத் தொழுவத்தில் உள்ள எல்லாப் பசுவுக்கும் சேர்த்து முடித்திருப்பீர்கள். காளை தப்பு என்றால், அந்த ஐந்து ஆண்டும் தப்பு. மூன்றாம் ஆண்டில் லாபம் என்று எழுதிய திட்டத்தை யார் காட்டினாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இனி, வாங்கும் இடம். கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் சந்தையில் புதியவருக்காகப் பேசுகிறவர் தரகர்தான். பல்லைப் பார்த்து வயது சொல்ல நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். காலையில் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது பழைய வேலை. சினை என்று சொன்னால் கால்நடை மருத்துவரிடம் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுத்த இனமா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாத அளவில்தான் வெளுத்துச் சாம்பல் நிறத்துக்கு வரும். உம்பளச்சேரிக் கன்றும் சிவப்பாகத்தான் பிறக்கும். அதனால் மூன்று மாதக் கன்றின் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஜெர்சி கலந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆலம்பாடியோ ஹள்ளிக்காரோ கலந்தால் எளிதில் தெரியாது. மெல்லிய அலைதாடி, உடலோடு ஒட்டிய குறியுறை, பின்னோக்கி வளைந்து நுனியில் நெருங்கும் காளையின் கொம்பு என்று அடையாளங்கள் உண்டு. ஆனால் இவையெல்லாம் அந்த ஒரு மாட்டைப் பற்றித்தான் பேசும்; அதன் தாயையும் தந்தையையும் பற்றிப் பேசாது. காதில் உள்ள 12 இலக்கத் தோடும் அப்படித்தான். அது மாட்டை அடையாளம் காட்டும், தடுப்பூசிக் கணக்கைக் காட்டும். அதை இனச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வம்சம் தெரிய வேண்டுமானால், பிறந்த தொழுவத்துக்கே போய்த் தாயைப் பார்க்க வேண்டும். முடிந்தால் தாயின் போன ஈத்துக் கன்றையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் ஆபத்து சத்தமில்லாதது. ஒரு நல்ல காளையை வாங்கிவிட்டால் அதை விட மனம் வராது. மூன்று ஆண்டில் அதன் மகள்கள் பருவத்துக்கு வரும்போதும் அதே காளைதான் நிற்கும். தந்தைக்கு மகளைச் சேர்த்தால் உள்ளினச் சேர்க்கைக் குணகம் 25 சதவீதம். ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாயிடம் பிறந்தவற்றைச் சேர்த்தால் 12.5. உடனே ஒன்றும் தெரியாது. சினை நிற்பது குறையும், கன்று சற்றே சிறுக்கும். வானிலையையும் தீவனத்தையும் குறை சொல்லிக்கொண்டே நாலு ஆண்டு போய்விடும். பக்கத்து ஊரில் காளை மாற்றிக்கொண்டால் சரியாகுமா என்றால், அந்தக் காளையும் இதே தந்தைக்குப் பிறந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். இரவல் காளையோடு புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோயும் வரலாம். இரத்தம் பார்க்காமல் எந்தக் காளையையும் சேர்க்காதீர்கள். கிடாரிக் கன்றுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை போடும் இந்த நோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

மேய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த இனம் இது. கொட்டகையில் கட்டிக் கலப்புத் தீவனத்தை அள்ளிப் போட்டால் கிடாரி கொழுக்கும். பருவம் தவறும், சினை நிற்காது.

விலை பற்றியும் சொல்ல வேண்டும். 2012-ல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்பு சரிந்தது பலருக்கு நினைவிருக்கும். குஞ்சை வாங்கியவர்கள் எல்லாரும் குஞ்சு வளர்க்க வந்தவர்கள். கடைசியில் கறிக்கு வாங்க ஆள் இல்லை. காங்கேயம் அப்படிப்பட்ட மோசடி அல்ல, நூற்றாண்டுகள் உழைத்த மாடு. ஆனாலும் உங்கள் கிடாரியை வாங்கப் போகிறவர் இன்னொரு புதியவர் மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால், ஆர்வம் குறையும் ஆண்டில் விலையும் குறையும்.

ஆகவே தொடக்கத்தில் காளை வாங்க வேண்டாம். இரண்டு மூன்று ஈத்துக் கண்ட இரண்டு பசு போதும். கன்று போட்டு வளர்த்துக் காட்டியவை அவை. பருவத்துக்கு வந்தால், கால்நடை மருந்தகத்தில் காங்கேயம் உறைவிந்து இருக்கிறதா என்று கேளுங்கள். சினை ஊசி போட்டதும் உறைவிந்துக் குழலின் மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணை அங்கேயே நின்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குழல் குப்பைக்குப் போன பிறகு கன்றின் தந்தை யார் என்று யாராலும் சொல்ல முடியாது.