யானைத்தீயும் வாய்ப்பூட்டும்

'வாயைக் கட்டினால் வயிறு தானாக அடங்கும்' என்பது நம் ஊர்களில் எவரும் எவருக்கும் இலவசமாக வழங்கும் மருத்துவம். இதைவிடக் கெடுதலான மருத்துவம் இல்லை என்பது என் கட்சி.

பசிக்காமலே உண்பவர்களைப் பற்றிப் பேசுகிறேன். துக்கமோ சலிப்போ அவமானமோ நெஞ்சில் ஏறியதும் கை சேவு டப்பாவைத் தேடுகிறது. உளவியலார் இதை உணர்வுசார் உண்ணல் என்கிறார்கள். எப்போதாவது அப்படித் தின்னாதவர் நம்மில் யாருமில்லை. அது நோயும் அன்று. அன்றாடப் பழக்கமாகி, ஒளித்துவைத்து உண்பதாகி, உண்டபின் தன்னையே வெறுப்பதாக முற்றும்போதுதான் சிக்கல். அதன் கடுமையான வடிவத்தை அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டது.

நம் இலக்கியம் இவர்களுக்கு என்ன இடம் கொடுத்திருக்கிறது? பசியை எழுதி எழுதிப் பெருமை கொண்டவர்கள் நாம். பசித்தவனுக்குக் காவியம் வைத்தோம்; பசியின்றி உண்பவனுக்கு 'சாப்பாட்டு ராமன்' என்ற பட்டத்தை வைத்தோம். பருத்த உடலைத் திரைப்படம் பெரும்பாலும் சிரிப்புக்கே அழைத்தது. சிறுகதையோ பேராசைக்கும் சுரண்டலுக்கும் குறியீடாக அதைப் பயன்படுத்திக்கொண்டது. அந்த உடலுக்குள் ஒரு மனம் இருந்து அல்லாடுகிறது என்று எண்ணிப் பார்த்த எழுத்து நம்மிடம் மிகக் குறைவு.

சாயர்புரத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1886இல் குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜி.யு.போப், 1840களில் தங்கிப் பள்ளி நடத்திய ஊர் இது. அவர் பெயரால் கல்லூரியும் இருக்கிறது. குறள் இங்கே பாடப்புத்தகம் மட்டுமன்று, ஊர்ப் பெருமை. அதன் 'மருந்து' அதிகாரத்தில் ஆறு பாடல்கள் உண்ணும் முறையைச் சொல்கின்றன. முன் உண்டது செரித்ததை அறிந்து உண், நன்றாகப் பசித்த பின் உண் என்பவை அவற்றில் சில. அந்த ஆறையும் சாட்டையாகத் திரித்து வீசுவதில் நம் மேடைப் பேச்சாளர்களும் குடும்பப் பெரியவர்களும் வல்லவர்கள். அதிகாரம் அங்கே முடிந்துவிடவில்லை. எட்டாம் பாடல் நோயை ஆராய்ந்து, அதன் மூல காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராயச் சொல்கிறது. அதுவரைக்கும் யாரும் புரட்டுவதில்லை.

மூல காரணத்தைத் தேடுவோம். கணவன் சென்னையில் மளிகைக் கடையிலோ வளைகுடாவிலோ இருக்கிறான். அவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பாத்திரத்தில் மீந்ததை நின்றபடியே உண்கிறாள். நான்கு மணிக்கு வீடு அடங்குகிறது. விருந்தாளிக்கென்று தூத்துக்குடியிலிருந்து வாங்கி வைத்த மக்ரூன் பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் சேர்ந்த அந்தப் பண்டம் வாயில் கரையும் அரை நிமிடம்தான், அன்றைய பொழுதில் யாருக்காகவும் இல்லாமல் அவளுக்கே உரிய நேரம். இதைப் பார்த்து 'நாக்கு நீளம்' என்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4. இவ்வளவும் துயரத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. மலிவான எண்ணெய்ப் பண்டங்களுக்கும் உட்கார்ந்தே செய்யும் வேலைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஒழுக்கவாதிகளை ஒன்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்குள் பெண்களின் நாவிலிருந்து மட்டும் ஒழுக்கம் இறங்கி ஓடிவிட்டதா?

வாய்ப்பூட்டு பயன் தராதது மட்டுமன்று, நோயை வளர்க்கவும் செய்யும். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போருக்குச் செல்ல மறுத்த 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். சமையல் குறிப்புகளை வெறியோடு படிக்கத் தொடங்கினார்கள் அவர்கள். பட்டினி முடிந்த பின்னும் சிலர் வயிறு புடைக்க உண்டு நிறைவே காணவில்லை. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் செய்த சோதனை இன்னும் வேடிக்கையானது. முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய அளவு உண்ண விட்டார்கள். சாதாரணமாக உண்பவர்கள் மில்க்‌ஷேக்குக்குப் பின் குறைவாகவே உண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டுபவர்களோ, மில்க்‌ஷேக் குடித்தபோது குடிக்காதபோதைவிட அதிகம் உண்டார்கள். 'விரதம் எப்படியும் கெட்டுவிட்டது, இனி என்ன' என்ற மனநிலை. லெந்து நாட்களில் ஒன்றைத் துறந்து, ஈஸ்டர் மாலைக்குள் அதைப் பலமடங்காக ஈடுகட்டும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'உண்ண இல்லாதவர் இருக்கும் நாட்டில் இது கொழுத்தவர்களின் கவலை' என்று இடதுசாரி நண்பர்கள் சொல்லக்கூடும். மறுக்கிறேன். 1876-78 பெரும்பஞ்சத்தை அனுபவித்த மண் இது. உணவே பாசத்தின் மொழியானதில் பஞ்சத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். நலம் விசாரிக்கவும் நாம் 'சாப்பிட்டாச்சா?' என்றே கேட்கிறோம். அழும் குழந்தையிடம் காரணம் கேட்கும் முன்பே அதன் கையில் மிட்டாயைத் திணிக்கிறோம். வளர்ந்த பின் அது அழுகை வரும்போதெல்லாம் மிட்டாயைத் தேடினால் குற்றம் யாருடையது?

மணிமேகலையில் காயசண்டிகையின் கதை வருகிறது. பொதியில் மலைப் பக்கம், ஒரு முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியை அவள் மிதித்துவிடுகிறாள். சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப்பசி பற்றிக்கொள்கிறது. கணவன் கொண்டுவந்து கொடுத்தது எதுவும் அதைத் தணிக்கவில்லை. புராணத்தைப் புராணமாகவே கொள்வோம், ஆயினும் சாத்தனார் கண்ட இடம் வியப்பானது. உணவைக் குவித்தும் தீராத பசியை அவர் உணவை மறுத்துத் தீர்க்கவில்லை. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை தன் கையால் இட்ட சோறு அதைத் தீர்க்கிறது. நம் திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைகளில் நடக்கும் அசனத்தில் இதன் நிழலைக் காணலாம். பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் வேக, ஊரே வரிசையில் உட்கார்ந்து உண்கிறது. அங்கே யாரும் ஒளிந்து உண்பதில்லை.

இன்றைய உளவியலும் பட்டினியைப் பரிந்துரைக்கவில்லை. கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் போன்றோர் வகுத்த சிகிச்சையின் தொடக்கமே வேளை தவறாமல் உண்பதுதான். மூன்று வேளைச் சாப்பாடு, இடையே சிற்றுண்டி, அதிக இடைவெளி கூடாது. எதை, எப்போது, எந்த மனநிலையில் உண்டோம் என்று அவ்வப்போது குறித்துவைக்க வேண்டும். விலக்கிய பண்டங்களைப் பிறகு படிப்படியாகத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். தானே முடியாதபோது உளமருத்துவரிடம் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாயர்புரத்து வீடுகளில் இதைத் தொடங்க அவளுக்கு முதலில் ஒரு நாற்காலி வேண்டும். மதியம் ஒரு மணிக்கு அவள் உட்காரட்டும், மகனோ மாமியாரோ பரிமாறட்டும். இதற்கும் குறளில் சான்று கேட்பவர்கள் அதே அதிகாரத்தின் பத்தாம் பாடலைப் பார்க்கலாம். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பேணுபவரையும் வள்ளுவர் மருந்தின் ஒரு கூறாகவே எண்ணியிருக்கிறார்.