மேசை லாச்சியில் கிடந்த குட்டி வீரன்



போன தவணையில் தரம் 10 மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு பொம்மையைப் பறித்தேன். பெருவிரல் உயரம்கூட இல்லை. வாளும் கேடயமுமாய் ஒரு வீரன். "ஓ.எல். எடுக்கப் போற புள்ளைக்கு பொம்ம கேக்குதா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு கிழமை என் லாச்சியில் கிடந்தது. ஒருநாள் சும்மா போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேடய ஓரத்தில் தலைமுடியளவு வெள்ளிக் கோடு. மேலங்கி மடிப்பின் பள்ளத்தில் கருமை, மேட்டில் வெளிச்சம். சித்திர ஆசிரியரிடம் காட்டினேன். "ஒளி நிழல் எண்டு நான் படிப்பிக்கிறது இதைத்தான் சேர்" என்றார்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். லண்டனிலுள்ள மாமா அனுப்பியதாம். அவனிடமே ஒன்றை வாங்கி நானும் தீட்டினேன். பெயின்ட் தடித்து, மூக்கும் வாயும் மூடிப் போயின. "தண்ணி சேத்து மெல்லிசா ரெண்டு பூச்சு பூசுங்க சேர்" என்றான். மாரியில் ஸ்பிரே அடித்தால் ஈரக்காற்றுக்குப் பொருபொருத்துப் போகும், அடிப்பூச்சைத் தூரிகையால்தான் பூச வேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான்.

படமெடுப்பது அதைவிடக் கஷ்டம். பிளாஷ் போட்டால் எண்ணெய் தடவியது போல மினுங்குகிறது. வெள்ளைத் தாள் பின்னால் இருந்தால் போன் வீரனைக் கறுப்பாக்கிவிடுகிறது. சாம்பல் நிற அட்டையை வளைத்து, காலையில் ஜன்னலோரம் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய பிழையெல்லாம் அந்தப் படத்தில் தெரியும். அடுத்ததை எப்படித் தீட்டுவது என்று அதிலிருந்துதான் படித்தேன்.

இதைச் சொன்னால் இரண்டு கேள்வி வருகிறது. ஒன்று, இது சோறு போடுமா? வோர்ஹாமர் என்ற விளையாட்டு 1983இல் இங்கிலாந்தில் வந்தது. இந்தக் குட்டி உருவங்களை விற்கும் அந்தக் கம்பனி, 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 கம்பனிகளின் பட்டியலில் சேர்ந்தது. நம் பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரை மணி நேரம் போனைத் தொடாமல் ஒரே இடத்தில் குந்தியிருக்கிற பிள்ளையை நீங்கள் கடைசியாக எப்போது கண்டீர்கள்?

மற்றது, உருவமாயிற்றே? ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே துணிச் சிறகு வைத்த குதிரை இருந்ததையும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததாக அவர்கள் சொன்னதைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்ததையும் அபூதாவூதில் படிக்கிறோம். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. மனம் ஒப்பாத வீட்டில் பிள்ளை தோணி தீட்டட்டும், கோட்டை மதில் தீட்டட்டும், கல்லடிப் பழைய பாலத்தை அட்டையில் செய்து துரு நிறம் பூசட்டும். இந்தக் கலையில் அதற்கும் பெரிய இடமுண்டு. குப்பையில் மட்டும் வீசாதீர்கள்.

சிரித்த வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டு வீரனைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பாடசாலைக்கு ஒன்றும் கொண்டு வருவதில்லை.

என் முதல் பொம்மையின் படம் கீழே. சிரிக்கலாம். உங்கள் பிள்ளைகள் தீட்டியதையும் கொமெண்டில் போடுங்கள், பிளாஷ் இல்லாமல்.