ஆசிரியர் வந்தால் போதுமா?

பாடசாலைக் கட்டடமும் ஆசிரியரும் மாலையில் ஒரு டியூசன் வகுப்பும் இருந்தால் பிள்ளை படித்துவிடும், ஊருக்கு அதில் வேலையில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிவிட்டது. தரம் 5 புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரை பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போட்டியாளராகவே பார்க்கப் பழகிவிட்டோம். நோட்ஸ் கொப்பியைக் கைமாற்றவும் தயங்குகிறோம். இது தவறு மட்டுமல்ல, கல்வியையே வலுவிழக்கச் செய்யும் எண்ணம்.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையைப் பாருங்கள். கண்டி இராச்சியத்தில் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்த கத்தோலிக்கர்களின் ஊர் அது. 1658இல் போர்த்துக்கேயர் வசமிருந்த கரையோரம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை வந்தது. 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் இரகசியமாக வந்திறங்கும்வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், இலங்கைக் கத்தோலிக்கருக்குப் போதிக்கக் குருமார் அநேகமாக இல்லை. ஆனாலும் செபங்கள் அழியவில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார். வீடுகளில் கூடிச் சொன்னதால் பிள்ளைகளுக்கும் மனப்பாடமானது. வஹகோட்டையில் அந்தோனியார் திருத்தலம் இன்றும் நிலைத்திருக்கிறது. முன்னோரின் போர்த்துக்கேய மொழியோ அங்கு வழக்கொழிந்தது. ஊர் சிங்களம் பேசுகிறது. கூடிச் சொன்ன செபம் தங்கியது, கூடிப் பேச ஆளில்லாத மொழி போய்விட்டது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

மனப்பாடம் கல்வியாகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மனப்பாடம் காக்கும், வளர்க்காது. அதனால்தான் வாஸ் அடிகளாரின் வழியில் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதினார். ஆனால் அந்த நூல்களைக் கைநீட்டி வாங்க, கற்கும் பழக்கம் விடாத மக்கள் முன்பே இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நூல் யாருக்கு? யாழ்ப்பாண நூலகமும் இப்படித்தான் பிறந்தது. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்தார். அந்தச் சிறு வட்டமே பொது நூலகமாக வளர்ந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. கட்டடமே கல்வி என்றால் அன்றே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2005இல் தன்னார்வலர்கள் சிலர் ஈழத்து நூல்களை மின்னூலாக்கத் தொடங்கி, நூலகம் என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம நூலகத்தை எழுப்பினார்கள்.

ஊரே பார்த்துக்கொள்ளும் என்றால் அரசு கைகழுவிவிடாதா? இந்த அச்சத்துக்கு மலையகத்தின் வரலாறே காரணம். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. அவை துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்து, 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. அந்த அநீதிக்கு ஊர்க்கூட்டம் பரிகாரமாகாது. ஆசிரியரும் ஆய்வுகூடமும் தருவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் போராட வேண்டும். ஆனால் போராடவும் கூட்டம் வேண்டுமே! தனித்தனியே டியூசன் காசு கட்டும் பெற்றோர், கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்காகக் கல்வி அலுவலகத்தின் வாசலில் ஒன்றாகப் போய் நிற்பதில்லை. பிள்ளைகளை மாலையில் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ ஒன்றாக இருத்தி, உயர்தரம் படிக்கும் அக்கா தரம் 6 தம்பிக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும் ஊரில், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்திருக்கும்.