திருடியவன் எங்கோ, தண்டம் கட்டுபவன் இங்கே!

பொருளைப் பறிகொடுத்தவனுக்கு நீதி கிடைக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் அவனைக் காக்கிறோம் என்று சொல்லி, களவில் எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாமவனின் பையிலிருந்து பணத்தை எடுப்பது நீதியாகுமா? இணைய வணிகத்தில் இன்று பல நேரம் நடப்பது இதுதான். இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை; எங்கள் வீட்டுத் திண்ணையில் கண்டறிந்தேன்.

என் சித்தப்பா நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை வாங்கி, இணையத்தின் வழியே வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்பவர். ஒருநாள் அயல்நாட்டிலிருந்து ஆறு பெரிய விளக்குகள் வேண்டுமென்று ஆர்டர் வந்தது. கடன் அட்டை வழியாகப் பணமும் வந்து சேர்ந்தது. பட்டறைக்காரருக்கு உரியதைக் கொடுத்துவிட்டுக் கூரியரில் அனுப்பி வைத்தார். இரண்டு மாதம் கழித்து அவர் கணக்கிலிருந்து அத்தொகை முழுவதும் திரும்ப எடுக்கப்பட்டது. அட்டைக்கு உரியவர் வேறொருவராம். விளக்கை வாங்கியவன் அவருடைய அட்டை எண்ணைத் திருடியவனாம். விளக்கும் போயிற்று, விலையும் போயிற்று, அனுப்பிய செலவும் போயிற்று. போதாக்குறைக்குப் புகாரைக் கையாண்டதற்கென்று தனிக் கட்டணம் வேறு! அந்த ஆண்டு தங்கையின் படிப்புச் செலவுக்குச் சித்தியின் வளையல் அடகுக் கடை ஏறிற்று.

இவ்வாறு பணத்தைத் திரும்ப எடுக்கும் முறையைச் ‘சார்ஜ்பேக்’ என்பர். இதன் நோக்கம் நல்லதே. அமெரிக்காவில் 1974இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, அட்டைப் பட்டியலில் பிழை கண்டால் மறுத்துரைக்கும் உரிமையை நுகர்வோருக்குத் தந்தது. நம் ரிசர்வ் வங்கியும் 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாதபோது வெளியாரால் நேர்ந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவர் இழப்பு எதையும் ஏற்க வேண்டியதில்லை என்றது அது. இவற்றை யான் மனமார வரவேற்கிறேன். என் வினா ஒன்றே: அந்த இழப்பை ஏற்க வேண்டியவர் யார்?

“வங்கி ஒப்புதல் தந்த பிறகுதானே பொருளை அனுப்பினீர்கள், சித்தப்பா?” என்று கேட்டேன். அந்த ஒப்புதலின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அட்டை செல்லும், கடன் வரம்பில் இடம் உண்டு என்பதே அதன் பொருள். அட்டை எண்ணைத் தருபவன் அதற்கு உரியவன்தான் என்பதன்று! அட்டையைக் கண்ணால் காணாமலே நடக்கும் இணைய விற்பனையில், சரிபார்ப்பு இல்லையேல் மோசடியின் சுமை விற்றவர் தலையில்தான் விழுகிறது.

மருந்து இல்லாமலில்லை. அட்டை வழங்கிய வங்கியே, ஒருமுறைக் கடவுச்சொல் போன்றவற்றால் வாங்குபவரைச் சரிபார்க்கும் ‘த்ரீ-டி செக்யூர்’ என்னும் முறை இருக்கிறது. அவ்வாறு சரிபார்த்த விற்பனையில் மோசடிப் புகார் எழுந்தால், இழப்பு பொதுவாக அந்த வங்கியையே சாரும். 2009 ஆகஸ்டு 1 முதல் நம் நாட்டு அட்டைகளுக்கு இணையத்தில் இத்தகைய கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நாம் அலுத்துக்கொள்ளும் ‘ஓ.டி.பி.’ உண்மையில் ஒரு காவலாளி. ஆயின், அயல்நாட்டில் வழங்கப்பட்ட அட்டைகளை அக்கட்டளை கட்டுப்படுத்தவில்லை. சித்தப்பாவின் விளக்குகள் போனது அந்த ஓட்டை வழியேதான்.

சரிபார்க்கும் ஆற்றல் எவரிடம் உள்ளதோ, அவரே இழப்பையும் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. வங்கிக்குத் தன் வாடிக்கையாளரின் செலவுப் பழக்கம் தெரியும். விற்பவருக்குத் தெரிவதோ ஒரு பெயரும் முகவரியும் மட்டுமே. வணிகருக்குப் பரிவு காட்டினால் போலிக் கடைகள் பெருகும் என்பர் சிலர். பொருளை அனுப்பியதற்கும், தம்மால் இயன்றவரை சரிபார்த்ததற்கும் சான்று காட்டுபவரை மட்டும் காத்தால் போதுமே! போலிக் கடைக்காரன் அந்தச் சான்றுக்கு எங்கே போவான்?

அந்த நாள் வரும்வரை சிறு வணிகர்கள் தற்காப்புத் தேட வேண்டும். அயல்நாட்டு அட்டையானாலும் சரிபார்ப்பைக் கேட்க வேண்டும். அட்டை ஒரு நாட்டினது, அனுப்பும் முகவரி வேறு நாட்டினது, அவசரமோ பெரிது என்றால் விசாரித்த பின்பே பொருளை அனுப்ப வேண்டும். பட்டியலையும் கூரியர் இரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். புகாருக்குக் குறித்த கெடுவுக்குள் விடை அனுப்பாவிடில், வழக்குத் தோற்றதாகவே பொருள். அட்டைப் பட்டியலில் கடையின் பெயர் தெளிவாகத் தெரியவும் வேண்டும். பெயர் புரியாமல் நேர்மையான வாடிக்கையாளரே புகார் செய்துவிடுவதுண்டு. பொருளைப் பெற்றுக்கொண்டே ‘நான் வாங்கவில்லை’ என்று சாதிப்போரும் உளர். அதுவும் திருட்டேயன்றி வேறென்ன?

வணிகவியல் மாணவர்களாகிய நாம், மாற்றுச்சீட்டு மறுக்கப்பட்டால் எழுத வேண்டிய பதிவை மனப்பாடமாகச் சொல்கிறோம். கையில் வந்த பணம் இரண்டு மாதம் கழித்துத் திரும்பிப் போவதைப் பற்றி எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. நாளை கடை திறக்கப்போகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இதுவும் பாடமாக வேண்டாமா?

சித்தப்பா இப்போது சரிபார்ப்பு இல்லாத ஆர்டரை ஏற்பதில்லை. விற்பனை சற்றுக் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் சித்தியின் வளையல் சென்ற தையில் வீடு திரும்பிவிட்டது.