கால்நடைகளின் நோவும் அதற்கேற்ற மருந்தும்

உழவு மாட்டுக்குக் கால் சுளுக்கினாலும், கறவைப் பசுவுக்கு மடிவீக்கம் கண்டாலும், அது வாய்திறந்து முறையிடுவதில்லை. தீனியைக் குறைக்கும், அசைபோடுவதை நிறுத்தும், பல்லைக் கடிக்கும், மந்தையினின்றும் விலகி நிற்கும். ஆலம்பாடி மாடுகளுக்குப் பேர்போன பென்னாகரம் வட்டாரக் குடியானவர்கள் இக்குறிகளை நன்கறிவர். எனினும், நோவுக்குச் சூடு போடும் பழைய வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. இருக்கும் நோவின்மேல் இன்னொரு நோவைச் சேர்ப்பது வைத்தியமாகாது.

காயம்பட்ட தசையில் உண்டாகும் சில இரசங்களே வீக்கத்தையும் நோவையும் வளர்க்கின்றன. அவற்றைத் தடுக்கும் மருந்துகள் இன்று பல உண்டு. ஆயினும் அவையனைத்தும் ஒரே தன்மையுடையன அல்ல.

முன்பு டைக்ளோபினாக் என்னும் மருந்தே மாடுகளுக்கு மிகுதியாகச் செலுத்தப்பட்டது. அம்மருந்து உடலிற் கலந்திருக்கையில் மாடு இறந்து, அதன் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. இது 2004-ல் ஐயமற நிறுவப்பட்டது. வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையே நம் நாட்டில் ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. பிணங்களை அகற்ற அவை இல்லாதபோது தெருநாய்கள் பெருகி, வெறிநோயின் அபாயமும் வளர்கிறது. ஆகவே கழுகின் கேடு ஊரின் கேடே.

இந்திய அரசாங்கத்தார் 2006-ல் டைக்ளோபினாக்கையும், 2023-ல் கீட்டோபுரொபேன், அசிக்ளோபினாக் ஆகியவற்றையும் கால்நடைகளுக்கு விலக்கினர். பின்னர் நிமசுலைடும் விலக்கப்பட்டது. மனிதருக்குரிய டைக்ளோபினாக் பெரிய புட்டிகளில் வந்து மாடுகளுக்குச் சென்றமையால், 2015-ல் அதன் ஊசிமருந்து ஒருவேளை அளவாகச் சுருக்கப்பட்டது.

"மலிவான மருந்தைத் தடுத்துவிட்டு, மாட்டைத் துடிக்க விடுவதா?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே; விடையும் உண்டு. மெலாக்சிகாம், டால்பினமிக் அமிலம் ஆகிய இரண்டும் மாட்டின் நோவைத் தணிக்கும்; கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை. மருந்தின் விலை வேற்றுமை, ஒரு ஜோடி உழவுமாட்டின் விலைக்கு முன் அற்பமே. காளைக்குக் காயடிக்கும்போதும் நோவு தணிக்கும் மருந்தைக் கேட்டுப் பெறுதல் நன்று.

ஆயினும் நோவு தணிந்தது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. ஊசி போட்ட மறுநாளே நொண்டும் எருதை ஏரிற் பூட்டினால் காயம் முற்றும். கடையில் வாங்கித் தாமே ஊசி போடாமல், கால்நடை மருந்தகத்தை நாடுக. 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசினால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். செலுத்திய மருந்தின் பெயரையும், எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்பதையும் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்க. சிகிச்சையில் இறந்த மாட்டைக் காட்டோரத்தில் எறியாது, கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில் ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். கிராம அதிகாரிகள் இதற்கு இடம் குறித்துக் கொடுப்பதோடு, விலக்கப்பட்ட மருந்து விற்பனையாவதை அறிந்தால் மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது அவசியம்.

நமக்காக உழைத்த மாட்டின் நோவைத் தீர்ப்பது நம் கடமை. அக்கடமையைப் பிறிதோர் உயிரின் அழிவின்றியே செய்ய இயலுமாயின், அவ்வழியைக் கைக்கொள்ளத் தயங்குவதற்குக் காரணமில்லை என்பதே என் அபிப்பிராயம்.