பேரைச் சொன்னால் ஃபைலைக் கொடுத்துவிடுவதா?

வேலையில் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் ரெக்கார்டு ரூமில் இருந்தேன். யார் சீட்டு எழுதி அனுப்பினாலும் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட மாட்டோம். சீட்டில் உள்ள எண் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பீரோவைத் திறப்போம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எட்டாவது வரை படித்த ரெக்கார்டு கிளார்க்.

ஓய்வு பெறும் முன் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். அங்கே எங்கள் இணையதளத்துக்கு இந்தப் பாலபாடம்கூடத் தெரியாது. பிஎச்பியில் எழுதியது. முகவரியின் கடைசியில் 'பேஜ்' என்ற இடத்தில் எந்தப் பெயர் வந்தாலும், 'இன்க்ளூட்' என்ற ஒரே கட்டளை அந்த ஃபைலை எடுத்து ஓட்டிவிடும். ஒருநாள் எவனோ அங்கே இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு என்று வரிசையாகப் போட்டு, ஃபோல்டர் ஃபோல்டராக மேலே ஏறி, சர்வரின் பயனர் பட்டியலைப் பார்த்துவிட்டான். அதோடு விட்டானா? பிரௌசரின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு நிரல் வரியை எழுதி அனுப்பினான். சர்வர் அதைச் சமர்த்தாக வருகைப் பதிவில் குறித்துக்கொண்டது. அடுத்து அந்தப் பதிவு ஃபைலையே 'பேஜ்' என்று கேட்டான். அவன் எழுதியதை எங்கள் சர்வரே ஓட்டிக் கொடுத்தது.

விசாரணை நடந்தது. ஒப்பந்தத்தில் இருந்த பையனை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'ஊழியரின் கவனக்குறைவு' என்ற அந்தக் குறிப்பில் என் கையெழுத்தும் உண்டு.

கவனக்குறைவாம்! முகவரியில் எதை எழுதினாலும் அதை நிரலின் மாறியாகவே ஆக்கிவிடும் வசதியை, 2002இல் 4.2 பதிப்பு வரும்வரை பிஎச்பி திறந்தேதான் வைத்திருந்தது. வேறொருவர் சர்வரில் கிடக்கும் ஃபைலைக்கூட 'இன்க்ளூட்' இழுத்து வந்து ஓட்டும். அதற்கென்று தனிப் பூட்டு வைத்து, பூட்டியே கொடுத்தது 2006இல், 5.2 பதிப்பில்தான். அன்றைக்கு உலகத்துப் புரோகிராமர்கள் எல்லாரும் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிட்டார்களா என்ன? கதவைச் சாத்தினார்கள், அவ்வளவுதான். உள்ளூர் ஃபைல்களுக்கு அந்தப் பூட்டும் கிடையாது.

'புள்ளியையும் கோட்டையும் நீக்கிவிட்டால் போதும் சார்' என்பார்கள். நான்கு புள்ளி, இரண்டு சாய்கோடு என்று எழுதி அனுப்பினால்? நடுவில் உள்ளதை நீக்கியதும் இரண்டு பக்கமும் சேர்ந்து, பழையபடி இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு! 2021 அக்டோபரில் அப்பாச்சி சர்வருக்கே இதே புள்ளிச் சங்கடம் வந்தது. 2.4.49இல் இருந்த ஓட்டையை 2.4.50இல் அடைத்தார்கள், அது சரியாக அடைபடாமல் சில நாளிலேயே 2.4.51 வெளியிட வேண்டியதாயிற்று. அவர்கள் பாடே இப்படி என்றால், மாதச் சம்பளத்துக்கு வந்த பையன் எந்த மூலைக்கு?

பத்துப் பக்கம் இருந்தால் பத்துப் பெயரையும் நிரலுக்குள் எழுதி வை. வந்த பெயர் அதில் இல்லையா, முகப்பைக் காட்டு. ரெக்கார்டு கிளார்க்கின் பதிவேடு, வேறொன்றுமில்லை. கடைசியில் நாங்களும் அப்படித்தான் திருத்தினோம். ஒரு மத்தியான வேலை.

இதைச் செய்ய அந்தப் பையன் முன்பே இரண்டு நாள் அவகாசம் கேட்டிருந்தான். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான்.